மாத்திரை இலவசம், பஸ் காசு யார் தருவது? எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கான ஊர்மட்டத் திட்டத்துக்கு நிதி திரட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்தான ஏ.ஆர்.டி.யைத் தரும் அரசு மையத்தில் மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அப்படித்தான். முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பரிசோதனைகளும் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று போகாது.

பிறகு ஏன் ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள்? வீடு தேடிப் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "போகணும்னுதான் இருக்கு தம்பி. ரெண்டு பஸ் மாறணும், ஒருநாள் கூலி போயிடுது." டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் பலர் வருவது புறநகர்ப் பேருந்தில். அங்கே டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

மருந்துக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிக்குத்தான் ஊர்மட்ட அமைப்புகள் பணம் திரட்ட வேண்டும். மருந்துக்கு அரசு செலவழிக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, ஒதுக்கியது 15,471.94 கோடி ரூபாய். அந்தப் பணம் நேரடியாக எட்டாத கடைசிச் சில கிலோமீட்டரை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. மாவட்ட அளவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே நடத்தும் ஒரு பாசிட்டிவ் நெட்வொர்க்கையோ, சிறிய தொண்டு அமைப்பையோ மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: ஓட்டை எங்கே என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். யாரோ நிதி தருகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அதற்கேற்ப ஒரு திட்டத்தை எழுதுகிறார்கள். அப்படி எழுதியது படிக்கும்போதே தெரிந்துவிடும். "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று தொடங்கி "வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்துதல்" என்று முடியும். நடுவில் ஒரு மனிதர்கூட இருக்க மாட்டார்.

முதலில் மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகுக்கும், உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தின் மருத்துவ அலுவலருக்கும் கடிதம் கொடுத்து நேரில் உட்காருங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பதிவானவர் எத்தனை, இப்போது மருந்து எடுப்பவர் எத்தனை, விடுபட்டவர், அதாவது எல்.எஃப்.யூ., எத்தனை, இந்த வருடம் வைரல் லோடு எடுத்தவர் எத்தனை, அதில் வைரஸ் அடங்கியவர் எத்தனை. இந்த ஐந்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே எந்த இடத்தில் கூட்டம் கரைகிறது என்று தெரியும்.

அதற்குப் பிறகு ஆட்களிடம் போங்கள். உங்கள் நெட்வொர்க்கின் மாதக் கூட்டத்துக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. அவர்கள் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்கள். வராமல் போனவர்களைத் தெரிந்த களப்பணியாளர் வழியாக, அவரவர் சம்மதத்தோடு, ஊருக்கு வெளியே ஏதாவது ஓர் இடத்தில் சந்தியுங்கள். இருபது பேரிடம் பேசினாலே காரணங்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கிவிடும். கூலி இழப்பு, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற பயம், குடி, கணவன் இறந்தபின் மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து வைக்கும் நிலைமை, திருப்பூர், பெங்களூரு என்று வேலைக்குப் போய், அங்குள்ள மையத்தில் மருந்து வாங்குவதற்கான மாற்றுக் கடிதம் வாங்காமல் விட்டது. ஒவ்வொரு காரணத்துக்கும் தேவைப்படும் செலவு வேறு. குடும்பத்துக்குப் பயந்து மருந்தை விட்டவருக்குப் பஸ் காசு கொடுத்துப் பயனில்லை.

படி 2: ஏற்கெனவே இருப்பதை எழுதி வையுங்கள்

அரசு தருவதை நீங்கள் இன்னொரு முறை தரப்போவதாக எழுதினால், விவரம் தெரிந்த நிதியாளர் அந்த இடத்திலேயே தாளை மூடிவிடுவார். மருந்து, பரிசோதனை, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து ஆலோசனை, காசநோய்த் தடுப்பு மாத்திரை எல்லாம் இலவசம். காசநோயும் சேர்ந்து இருப்பவருக்கு, காசநோயாளிகளின் சத்துணவுக்கான நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. விதவை உதவித்தொகை இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழக அரசே ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறது.

இவை எல்லாம் தகுதி உள்ளவர் கைக்கு வந்து சேருகின்றனவா என்பது வேறு விஷயம். ஆதார் முகவரி மாறாதது, கணக்கு முடங்கியது, வாரிசுச் சான்றிதழ் கிடைக்காதது என்று ஆயிரம் தடை. தாலுகா அலுவலகத்துக்கு ஒருவர் கூடவே நடந்து இந்தத் தடைகளை நீக்கிக் கொடுப்பதே ஒரு திட்டம்தான். செலவு மிகக் குறைவு, பலன் வருடக்கணக்கில் நிற்கும். என்னைக் கேட்டால், முதல் முறை நிதி கேட்கும் அமைப்பு இதில் தொடங்கலாம்.

படி 3: எதைச் செய்வது என்று முடிவெடுங்கள்

ஒன்றை எடுங்கள், அதிகம் போனால் இரண்டு. களத்தில் பலன் தந்தவை என்று எனக்குத் தெரிந்தவற்றில் முதன்மையானது, எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவரே சம்பளத்துக்குக் களப்பணி செய்வது. "நானும் பத்து வருஷமா இதே மாத்திரைதான்க்கா சாப்பிடுறேன்" என்று ஒருவர் சொல்வதை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இன்னொன்று குழுவாக மருந்து வாங்குவது. மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008இல், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையோடு ஆறு ஆறு பேராகச் சேர்ந்தார்கள். மாதம் ஒருவர் மையத்துக்குப் போவார், தன் பரிசோதனையை முடித்துக்கொண்டு மற்ற ஐந்து பேர் மருந்தையும் வாங்கி வருவார். ஆறு பயணம் ஒன்றாகச் சுருங்கியது. நம் ஊரில் நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தருவது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே குழுமுறை எல்லா இடத்துக்கும் தேவைப்படாது. மலைக்கிராமங்களுக்குப் பொருந்தும். அதுவும் மையத்தின் அனுமதியோடு மட்டும்.

படி 4: பட்ஜெட்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். இதில்தான் பல நல்ல திட்டங்கள் தோற்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. மருந்தை விட்டுவிட்ட 60 பேரைத் திரும்ப அழைத்துவந்து ஒரு வருடம் தொடரச் செய்வது நோக்கம் என்று வையுங்கள். எண்கள் என் கணக்கு. உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு களப்பணியாளர்கள், மாதம் 12,000 வீதம்: 2,88,000. அவர்கள் ஊர் ஊராகப் போக மாதம் 2,500 வீதம்: 60,000. தொலைபேசி, ஆளுக்கு மாதம் 300: 7,200. திரும்பச் சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் மாதாமாதம் வர வேண்டியிருக்கும் என்று வைத்து, முறைக்கு 200 ரூபாய் வழிச்செலவு, 60 பேருக்கு: 72,000. எடை மிகக் குறைந்த 20 பேருக்கு ஆறு மாதம் முட்டை, பருப்பு, நிலக்கடலை, மாதம் 600 வீதம்: 72,000. திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க, ஆட்டோ பிடிக்க, வெளியே ஒரு ஸ்கேன் எடுக்க அவசர நிதி: 40,000. மாதக் கூட்டம் 2,000 வீதம்: 24,000. பகுதிநேரக் கணக்காளர் மாதம் 4,000 வீதம்: 48,000. ஆடிட்டர்: 15,000. மொத்தம் 6,26,200 ரூபாய்.

இதை 60ஆல் வகுங்கள். ஆளுக்கு ஏறக்குறைய 10,437 ரூபாய். நிதியாளர் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். அவர் கேட்பதற்குமுன் நீங்களே சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: 60 பேரில் எல்லோரும் நிலைக்க மாட்டார்கள். 45 பேர் நிலைத்தால் நல்ல வேலை. அப்போது ஒருவருக்கான செலவு 13,916 ஆகும். குறைத்துச் சொல்லி ஜெயிப்பதைவிட உள்ளதைச் சொல்லி நம்பிக்கையைப் பிடிப்பது மேல். அடுத்த வருடமும் அதே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.

பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் கணக்காளரையோ களப்பணியாளர் சம்பளத்தையோ வெட்டாதீர்கள். 60 பேரை 50 ஆக்குங்கள். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர் என்பதற்காக அவர் "சேவை மனப்பான்மையோடு" 5,000 ரூபாய்க்கு ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பல அமைப்புகள் இதைச் செய்திருக்கின்றன. ஆறாவது மாதம் அந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார், அவரோடு சேர்ந்து அத்தனை வீடுகளின் நம்பிக்கையும் போய்விடும்.

படி 5: காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆடிட்டர் விரிவாகச் சொல்வார். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு, பான், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்து எண், வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புப் பணம் வாங்க 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு கட்டாயம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய எண்கள் மாறும். ரசீதுப் புத்தகம் அச்சடிக்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்.சி.ஆர்.ஏ. உள்ள பெரிய அமைப்பு தான் வாங்கிய பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தரவும் முடியாது. மாவட்ட நெட்வொர்க்குகளுக்கு இது பெரிய அடி. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே போட்ட பட்ஜெட்டில் கணக்காளரும் ஆடிட்டரும் சேர்ந்து 10 சதவீதம்தான் வருகிறது.

பதிவே இல்லாத சிறு குழுவா நீங்கள்? அப்படியானால் பதிவுள்ள உள்ளூர் அமைப்பு ஒன்றோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, உள்நாட்டுப் பணத்தை அவர்கள் கணக்கில் வாங்கி, வேலையை நீங்கள் செய்யலாம். யார் காசோலையில் கையெழுத்துப் போடுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் தொடங்க வேண்டாம்.

படி 6: யாரிடம் கேட்பது

நம் மாநிலத்து அனுபவத்தை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். 1986இல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 1995 முதல் அமெரிக்க உதவியில் ஏபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் நடந்தது, பிறகு முடிந்தது. 2003இல் கேட்ஸ் அறக்கட்டளையின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமான அவாஹன் வந்தது, அரசிடம் ஒப்படைத்துவிட்டு அதுவும் போனது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது உலகம் முழுக்க எச்.ஐ.வி. திட்டங்கள் ஆட்டம் கண்டன. வெளிப் பணம் நல்ல வேலை செய்திருக்கிறது. ஆனால் அது தங்குவதில்லை. ஒரே மூலத்தை நம்பி நிற்காதீர்கள்.

அரசு வழி: மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், தொற்று அபாயம் அதிகமுள்ள இலக்கு மக்களுக்கான திட்டங்களுக்கு விளம்பரம் கொடுத்து அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும். அவை பெரும்பாலும் தடுப்புப் பணிகள். ஏற்கெனவே தொற்றோடு வாழ்பவர்களின் தொடர்கவனிப்புக்கு எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் பணத்தில் 2013இல் தொடங்கிய விஹான் பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு மையம் இருந்தால், அவர்களோடு போட்டியிட வேண்டாம். அவர்கள் எட்டாத ஒன்றியங்களைக் கேட்டு வாங்குங்கள்.

சி.எஸ்.ஆர். வழி: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பேர் பெற்ற பெரிய கம்பெனிகளை எல்லோரும் மொய்க்கிறார்கள். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் நூற்பாலை, சர்க்கரை ஆலை, சிமெண்ட் ஆலையைப் பாருங்கள். ஐந்து கோடி லாபம் என்பது அப்படியொன்றும் எட்டாத உயரமல்ல. மார்ச் நெருங்கும்போது செலவழியாத தொகையோடு திண்டாடும் கம்பெனிகள் உண்டு. நவம்பர், டிசம்பரிலேயே உங்கள் தாள் அவர்கள் மேசையில் இருக்கட்டும்.

உள்ளே நுழைய இன்னொரு கதவும் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். பல ஆலைகளுக்கு இது தெரியவே தெரியாது. "உங்கள் அலுவலருக்கு நாங்கள் பயிற்சி தருகிறோம்" என்று போங்கள். வெறும் கையோடு நன்கொடை கேட்டுப் போவதைவிட அது மரியாதையான தொடக்கம். தொழிலாளர்களுக்கும் அதனால் பாதுகாப்பு.

ஊர் வழி: ரோட்டரி, லயன்ஸ், வணிகர் சங்கம், கோயில் அன்னதானக் குழு, தேவாலயம், ஜமாத். இவர்களிடம் முழுப் பட்ஜெட்டைக் காட்ட வேண்டாம். ஒரு வரியைக் காட்டுங்கள். "இருபது பேருக்கு ஒரு மாத முட்டையும் பருப்பும், 12,000 ரூபாய்." பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் அந்த அளவு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதைச் சொல்லி, வங்கி வழியாக வாங்குங்கள்.

படி 7: பெயரைக் காப்பாற்றுங்கள்

எங்கள் முதல் வருடத்தில் சத்துணவுப் பையின்மேல் அமைப்பின் பெயரையும் எய்ட்ஸ் சின்னமான சிவப்பு ரிப்பனையும் அச்சடித்துக் கொடுத்தோம். நிதி தந்தவர் விரும்பினார், எங்களுக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஒரு அக்கா அந்தப் பையை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் முந்தானையில் கொட்டிக்கொண்டு, வெறும் பையை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் பலர் வரவே இல்லை. மருந்தைத் தொடரவைக்கப் போன நாங்களே அவர்களை விரட்டியிருக்கிறோம். அதற்குப் பிறகு மளிகைக் கடையில் தருவது போன்ற சாதாரண மஞ்சள் பையில்தான் கொடுக்கிறோம்.

ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது சட்டம். நிதியாளருக்குப் பெயர்ப் பட்டியல், புகைப்படம், ஆதார் நகல் எதுவும் தராதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் போட்டு, பெயரையும் எண்ணையும் இணைக்கும் பதிவேட்டைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவதை முற்றிலும் நிறுத்துங்கள். தணிக்கைக்கு வருபவர் ரசீதுகளைப் பார்க்க விரும்பினால், எண் மட்டும் உள்ள ரசீதை ஏற்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். "எங்கள் இயக்குநர் வீடுகளுக்கு வந்து பார்க்க வேண்டும்" என்று கேட்டால், அலுவலகத்துக்குத் தாங்களாக வர விரும்பும் இரண்டு மூன்று பேரோடு பேசட்டும். கார் நுழையாத தெருவில் கார் நின்றால் ஊர் முழுக்கக் கேள்வி கேட்கும். இதற்கு ஒத்துக்கொள்ளாத பணம் வேண்டாம். எவ்வளவு பெரிய தொகையானாலும் வேண்டாம்.

படி 8: பலனை எண்ணிக் காட்டுங்கள்

நடத்திய கூட்டங்களையும் கொடுத்த துண்டுப் பிரசுரங்களையும் எண்ணுவது எளிது. அவை யாருடைய உடம்பையும் தேற்றியதாகச் சொல்ல முடியாது. மூன்றே மூன்று எண்கள் போதும். திரும்பச் சேர்ந்த 60 பேரில் பன்னிரண்டாம் மாதம் மருந்து வாங்கியவர் எத்தனை. வைரல் லோடு எடுத்தவர் எத்தனை. அதில் வைரஸ் அடங்கியவர் எத்தனை. மருந்து தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான் வைரல் லோடு பார்ப்பார்கள் என்பதால், ஆறு மாதத் திட்டத்தில் பலனைக் காட்ட முடியாது. மேலே போட்ட ஒரு வருடக் கணக்கை நீட்டி, குறைந்தது பதினெட்டு மாதம் கேளுங்கள். விவரங்களை அவரவர் ஏ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து, அவரே காட்டும்போது மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர்களையும் எண்ணுங்கள். தாமதமாக வந்தவர்களில் சிலரைக் காப்பாற்ற முடியாது, சிடி4 200க்குக் கீழே இறங்கியபின் காசநோயும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து அதிகம். அதை அறிக்கையில் மறைத்தால், அந்த மரணத்தைத் தடுக்க அடுத்த வருடம் பணம் கேட்கும் காரணத்தையும் சேர்த்தே மறைக்கிறீர்கள்.

கணக்கு விஷயத்தில் ஒன்றே ஒன்று: திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, மாதம் முடிந்து ஐந்தாம் தேதிக்குள் வவுச்சர்கள் ஒட்டி முடித்திருக்க வேண்டும். பணத்தை உரிய வேலைக்கே செலவழித்ததைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.

படி 9: பணம் நிற்கும் நாளுக்குத் தயாராகுங்கள்

முதல் தவணை வரும் நாளிலேயே கடைசித் தவணை எப்போது என்று தெரிந்திருக்கும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பு ஒவ்வொருவரையும் பாருங்கள். யார் மூன்று மாத மருந்து வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார், யாருக்கு உதவித்தொகை வரத் தொடங்கிவிட்டது, யாரை அவர் ஊருக்குப் பக்கத்திலேயே ஏ.ஆர்.டி. மருந்து தரும் இணைப்பு மையத்துக்கு மாற்றிவிடலாம் என்று பிரியுங்கள். மிச்சம் இருப்பவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அவர்களிடம் மூன்று மாதம் முன்பே நேரில் சொல்லுங்கள்.

சி.எஸ்.ஆர். பணத்தை நாளைக்கென்று பதுக்கி வைக்க முடியாது, அரசுப் பணத்தையும் முடியாது. ஊரார் தரும் நன்கொடையில் முடியும். அதனால் முதல் வருடத்திலிருந்தே உள்ளூர்ப் பணத்தில் மாதம் ஓர் ஆயிரமோ இரண்டாயிரமோ தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். திட்டம் முடிந்த மறுமாதம், கடைசி வீட்டிலிருந்து ஒருவர் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கிளம்பும்போது அவருடைய 200 ரூபாய் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.